விளக்குக் கம்பியும் மூன்று ராக்கெட்டும்

மழைக்காலம் வந்துவிட்டால் தினமும் சாயங்காலம் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைப்பேன். குடிக்க அல்ல. குனிந்து, தம்ளரைச் சுற்றியிருக்கும் பச்சைக் கோட்டோடு தண்ணீர் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பேன். ஒத்துப் போனால் அதை ரோஜாத் தொட்டியில் ஊற்றிவிட்டு வேறு வேலை பார்ப்பேன். மருமகள் வந்த புதிதில் சிரித்தாள். "என்னம்மா, தண்ணிக்குக் காய்ச்சலா பார்க்குறீங்க?" என்றாள். இப்போது கேட்பதில்லை. தம்ளரை அவளே எடுத்து வைத்துவிடுகிறாள்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, லயத்தை விட்டு வந்துவிட்ட என் வயதுக்காரர்களே, உங்களுக்கு என்னைத் தெரியும். கல்யாண வீட்டுக்கு வந்தால் நேராகச் சமையல் பக்கம் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவேனே, அவள்தான். ஆறாவது வரை படித்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலாவில் மனிதன் நடந்தான் என்று ரேடியோவில் சொன்னார்களே, அதற்கு அடுத்த வருசம். எனக்குப் பத்து வயது.

எங்கள் லயத்தில் ஒரே தகரக் கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள். பின்பக்கம் மலை, முன்பக்கம் பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எதிர் மலையில் பள்ளிக்கூடமும் பெரட்டுக் களமும். விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்களே, அந்தக் களம். எங்கள் வீடு கடைசிக்கு முந்தியது. கடைசி வீடு அத்தை வீடு.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவார், அதனால் எங்களுக்கு அத்தை. புருசன் இல்லை, பிள்ளை இல்லை. முழங்கால் வீங்கிப் போய் அந்த வருசம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். லயத்தில் எல்லாருக்கும் என்னைப் பேச வைத்துப் பார்ப்பது ஒரு விளையாட்டு. "ஊமை, உன் பேரைச் சொல்லு, பிஸ்கட் தாரேன்" என்பார்கள். அத்தை அப்படிச் செய்ததே இல்லை. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவர் பாட்டுக்குப் பேசுவார். நான் தலையாட்டினால் போதும். பிஸ்கட் தானாக வரும்.

அப்பா கான் வெட்டுகிறவர். தேயிலைச் சரிவில் மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடாமல் இருக்க, குறுக்கே கான் தோண்டி மெதுவாக இறக்கிவிட வேண்டும். வாட்டம் கூடினால் மண் போகும், குறைந்தால் தண்ணீர் நின்றுவிடும். அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், அவ்வளவுதான். துரை மூன்று கால் வைத்த கண்ணாடியைக் கொண்டுவந்து பார்த்தாலும் அப்பா சொன்னதுதான் இருக்கும். "அந்தாளு கண்ணுலே ரசமட்டம் இருக்கு" என்று கணக்கு எழுதும் கிராணியே சொல்லுவார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லயத்துக்குப் பின்னால் மேட்டில் எல்லாரும் கோபிஸ் என்கிற முட்டைக்கோசும் பீன்ஸும் போட்டிருந்தோம், நினைவிருக்கிறதா. கோடையில் தண்ணீர் சுமக்க முடியவில்லை என்று மேலே போகும் கானில் ஒரு வெட்டு வெட்டி, வீட்டுக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீரைத் தேக்கி வைத்தோம். முதல் குழி அப்பா தோண்டியது. அதைப் பார்த்து மற்றவர்கள் தோண்டினார்கள். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு குழி. எல்லாம் எங்கள் தலைக்கு நேர் மேலே. மழைக்காலத்திலும் யாரும் மூடவில்லை. வண்டல் மண் சேருகிறது, காய் நன்றாக வருகிறது என்று சந்தோசப்பட்டோம். கான் வெட்டுகிற மனிதருக்கு அது தோன்றவில்லையே என்று இப்போது நினைக்கிறேன். அது தோட்டத்துக் கான் இல்லை, நம்ம காய்கறி. அதனால் தோன்றவில்லை போலிருக்கிறது.

அக்காவுக்குப் பதினேழு வயது. கொழுந்து எடுப்பதில் அவள் கையைப் பார்க்கவே கங்காணி வந்து நிற்பார். இரண்டு இலையும் மொட்டும், நகத்தால் ஒரு கிள்ளு. வாயும் அப்படித்தான், ஒரே கிள்ளு. ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா டவுனுக்குச் சாமான் வாங்கப் போகும்போது என்னைக் கூட்டிப் போவாள். அங்கே புத்தகம், குடை, பொம்மை எல்லாம் விற்கிற ஒரு கடை. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், எல்லாரும் நானா என்று கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்துப் பிள்ளைகளுக்காக அவர் முன்பு தருவித்த பெட்டிகள், அவர்கள் போன பிறகு விற்காமல் மேல் தட்டில் ஈரம் ஏறிக் கிடந்தன. ஒரு பெட்டிமேல் நெருப்புக் கக்கிக்கொண்டு மேலே போகும் ராக்கெட் படம். அக்கா அதை இறக்கித் தரச் சொன்னாள்.

"நானா, இதுக்குள்ளே ராக்கெட் முழுசா இருக்குமா?"

"முழுசா இருந்தா நான் ஏன் பெட்டியிலே வைக்கிறேன், வாசல்லே நிறுத்தி டிக்கெட் வித்திருப்பேன்லா. துண்டு துண்டா இருக்கும். ஒட்டணும்."

"ஒட்டினா பறக்குமா?"

"பறக்காது. நெசமான ராக்கெட்டு எப்படியோ அப்படியே சின்னதாச் செஞ்சது. பார்க்கத்தான்." பெட்டியின் தூசியை ஊதிவிட்டுக் கேட்டார். "வீட்டிலே தம்பி இருக்கானா?"

"தம்பி இல்லை. எனக்குத்தான்."

நானா அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு தாளில் சுற்றிக் கொடுத்தார்.

பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் கொடியில் காய் தொங்குவதுபோல் துண்டுகள். அக்கா கொழுந்து கிள்ளுகிற மாதிரியே எல்லாவற்றையும் நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டாள். கிள்ளின இடமெல்லாம் பிசிறு, ஒன்றோடொன்று பொருந்தவில்லை. முதல் ராக்கெட் இடுப்பில் விரிசலோடுதான் நின்றது. அதற்குப் பிறகு பிளேடால் அறுத்துத் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் தேய்க்கக் கற்றுக்கொண்டாள். படிக்க இருந்த தாள் முழுக்க இங்கிலீஷ். படத்தை மட்டும் பார்த்துச் செய்தாள். சின்னக் குழாயில் பசை. கனிந்த வாழைப்பழத்தில் மண்ணெண்ணெய் விட்டது போல ஒரு வாசனை. ஒட்டின துண்டை நான் பிடித்துக்கொண்டு நூறு எண்ண வேண்டும். மனதுக்குள்தான் எண்ணுவேன். கொடி, எழுத்து எல்லாம் ஒரு தாளில் இருக்கும். தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டால் எழுத்து தாளை விட்டுக் கழன்று மிதக்கும். அதை நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மாவுக்குத் தலைவலி. "கொழம்பு வைக்கக் கத்துக்கோன்னா ராக்கெட்டு ஒட்டுறா. பொண்ணு பார்க்க வர்றவங்க கிட்டே என்னான்னு சொல்றது, எம்மக நிலாவுக்குப் போறான்னா?"

"சொல்லுங்களேன். அங்கே மாமியா கிடையாதாம்" என்றாள் அக்கா.

அம்மாவே சிரித்துவிட்டாள்.

இரண்டு மாதத்தில் இரண்டாவது. அதற்குப் பிறகு மூன்றாவது. அதுதான் பெரியது. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை உயரம். வெள்ளை உடம்பில் கறுப்புக் கட்டங்கள். அந்தப் பெட்டியில் ஒரு மனிதனும் இருந்தான், அரிசிமணி அளவு. ராக்கெட் எவ்வளவு பெரிசு என்று தெரிவதற்காக அவனைக் கீழ்த்தட்டில் ஒட்ட வேண்டும்.

"இந்தக் கீழ்த்தட்டை நீயே ஒட்டுடி" என்றாள் அக்கா. "பார்த்து ஒட்டு. இது கோணினா மேலே எல்லாம் கோணிரும்."

அத்தனை பெரிய வேலையை அதுவரை யாரும் என்னிடம் தந்ததில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டினேன். அரிசி மனிதனையும் ஓரத்தில் நிறுத்தினேன்.

பக்கச் சுவரில் ரேடியோ வைக்கும் பலகையில் மூன்றையும் வரிசையாக வைத்தோம். பலகைக்கு முன்னால் உத்தரத்திலிருந்து ஒரு நீளக் கம்பியில் அரிக்கேன் விளக்கு தொங்கும். அக்கா தள்ளி நின்று, கம்பியையும் ராக்கெட்டையும் சேர்த்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோல் நின்றன. "நேரா ஒட்டியிருக்கே" என்றாள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்திருப்பேன்.

பேச்சு கிளம்பியது அதற்குப் பிறகு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணி பெண்சாதி அம்மாவிடம், "உம்மக ஞாயித்துக்கிழமை தவறாம நானா கடைக்குப் போறாளாமே, அங்கே வேலைக்கு நிக்கிற பையன் யாரு?" என்று கேட்டாள். அந்தக் கடையில் பையனே கிடையாது. நானாவும் அவருடைய பூனையும்தான். ஆனால் கல்யாண வயதில் ஒரு பெண் பொம்மை வாங்கத்தான் டவுனுக்குப் போகிறாள் என்று யார் நம்புவார்கள்? யாரோ வாங்கிக் கொடுக்கிறான் என்றுதான் நம்புவார்கள். அப்பா அக்காவை அடிக்கவில்லை. இனி டவுனுக்குப் போகக் கூடாது என்றார். பலகையைக் காட்டி, "இன்னொரு தடவை இந்தச் சனியனாலே ஒரு பேச்சு வரட்டும், மூணும் அடுப்புக்குள்ளே போயிரும்" என்றார்.

அக்கா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். எனக்கு அது பயமாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் மழை பிடித்தது. காலையில் பனி, மத்தியானத்திலிருந்து மழை, துணி காயவே இல்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பலகையைப் பார்த்தேன். பெரிய ராக்கெட்டின் மூக்கு விளக்குக் கம்பியை விட்டு வாசல் பக்கம் சற்றே விலகியிருந்தது. ஒரு நூல் அளவுதான். நான் ஒட்டிய கீழ்த்தட்டு கோணிவிட்டது என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்?

பேக்டரி வாசலில் தேயிலைப் பெட்டிக்குள் போடும் ஈயத்தாளின் கிழிசல்கள் கிடக்கும். பிள்ளைகள் பொறுக்கி வைத்துக்கொள்வோம். ஸ்டூலில் ஏறி, ஒரு துண்டை மடித்து, வாசல் பக்கமாகக் கீழ்த்தட்டுக்கு அடியில் சொருகினேன். ராக்கெட் நிமிர்ந்துவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. நாலைந்து நாள் கழித்து மறுபடி சாய்ந்தது. இன்னொரு மடிப்பு வைத்தேன். அப்புறம் சின்ன ராக்கெட்டுகள் இரண்டும் லேசாகச் சாய்ந்தன. அவற்றுக்கும் வைத்தேன். அவற்றின் அடியை நான் ஒட்டவில்லையே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அடுப்பு மட்டும்தான் தோன்றியது.

அந்த நாட்களில் வேறு சிலதும் நடந்தது. அத்தை வீட்டுக் கதவு சாத்த வரவில்லை. அப்பா போய் அடியைச் சீவிக் கொடுத்தார். "மழைக்கு மரம் ஊறிப் போச்சு, தங்கச்சி." பத்து நாளில் மறுபடி சாத்த வரவில்லை. எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் சுவரிலிருந்து சுவருக்கு ஒரு கோடு விழுந்தது. அப்பா சிமெண்டு பூசினார். பூசின சிமெண்டிலும் அதே கோடு வந்தது. அம்மா தரையைக் கழுவினால் எப்போதும் பின்வாசல் பக்கம் ஓடும் தண்ணீர், முன்வாசல் பக்கம் வந்தது. "புதுசா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே தள்ளிவிட்டாள். லயத்துக்குப் பின்னால் இருந்த கான், அத்தனை மழையிலும் வற்றிப் போனது. மேலே எங்கேயோ அடைத்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன் என்றார் அப்பா. அது அடைக்கவில்லை. தண்ணீர் கானுக்கு வராமல் எங்கள் குழிகள் வழியாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.

இதையெல்லாம் இன்று வரிசையாக எழுத முடிகிறது. அன்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

பிறகு எனக்குக் காய்ச்சல் கண்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்தார்கள். அம்மா கூட இருந்தாள். நாலு நாள். அந்த நாலு நாளும் ஆஸ்பத்திரி ஜன்னலில் மழை விடவில்லை. நானும் ஈயத்தாள் வைக்கவில்லை.

அந்த நாலு நாளில் நடந்ததை அக்கா பின்னால் சொல்லித்தான் அறிந்தேன். மூன்று ராக்கெட்டும் கம்பியை விட்டு ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். அவள் முட்டாள் இல்லை. ஒன்று சாய்ந்தால் ஒட்டினவள் கை. மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் அவை நிற்கிற இடம். பலகையைத் தட்டிப் பார்த்தாள், ஆணி அசையவில்லை. தரைக் கோட்டைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அத்தையிடம் ஓடிப் போய்ச் சொன்னாள். அத்தைக்கும் மனதில் அது இருந்திருக்கிறது. ராத்திரியில் சுவருக்குள் யாரோ சுள்ளி ஒடிக்கிற மாதிரி சத்தம் கேட்கிறது என்றாராம். கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த தன் தம்பிக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை லோரியோடு வருகிறேன், பெட்டியைக் கட்டி வையுங்கள் என்று தம்பியிடமிருந்து பதில் வந்தது. அப்பா எதையும் கேட்கிற மனநிலையில் இல்லை. அதனால் அக்கா காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருக்கும்போது, ராக்கெட்டையே காட்டிச் சொல்லலாம் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் நானும் அம்மாவும் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினோம். மழை விட்டிருந்தது. அம்மா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள். அக்கா அத்தை வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் தனியாக நுழைந்தேன். பலகையைப் பார்த்தேன். மூன்றும் வாசலைப் பார்த்துக் குனிந்து நின்றன. பெரியது எந்த நேரமும் விழும்போல் இருந்தது. பின்னால் மேட்டிலிருந்து அப்பாவின் செருமல் கேட்டது. இறங்கி வந்துகொண்டிருந்தார்.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கையிலிருந்த ஈயத்தாளை எல்லாம் மடித்தேன். பெரியதற்கு எட்டு மடிப்பு. கம்பியோடு ஒத்துப் பார்த்து, விரலால் அழுத்தி, இன்னும் ஒன்று வைத்தேன். மூன்றும் நிமிர்ந்துவிட்டன. இறங்கி ஸ்டூலை அடுப்படியில் வைத்துவிட்டுத் தலையணைக்கு அடியில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டேன். காய்ச்சல்காரி இல்லையா.

அப்பா உள்ளே வந்தார். பின்னாலேயே அக்கா. அவளுக்குப் பின்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அத்தை.

"அப்பா, கோபப்படாம நான் சொல்றதைக் கேளுங்க. வீடு சாயுது."

"என்னது?"

"வீடு பள்ளத்துப் பக்கம் இறங்குதுப்பா. மூணு ராக்கெட்டும் ஒரே பக்கம் சாஞ்சிருக்கு. விளக்குக் கம்பியை வச்சுப் பாருங்க. கம்பி பொய் சொல்லாது."

அப்பா உடனே திட்டவில்லை. இதை நான் எழுதியே ஆக வேண்டும். பிறகு லயத்தில் என்னென்னவோ சொன்னார்கள். மகள் சொன்னதைக் காதில் வாங்காத மனுசன் என்றார்கள். அது பொய். அப்பா பலகைக்கு நேராகத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடினார். கானுக்கு வாட்டம் பார்க்கிற அதே மாதிரி, அவசரமே இல்லாமல், கம்பியையும் ராக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தலையணையின் ஓரத்திலிருந்து நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேராத்தானே இருக்கு" என்றார்.

அக்கா முன்னால் வந்தாள். அவளும் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இல்லப்பா. காலையிலே கூட... இவ்வளவு சாஞ்சிருந்துச்சு." விரலால் காட்டினாள்.

"இப்போ என்ன, தானா நிமிர்ந்துக்கிச்சா?"

"சுவரைப் பாருங்க, கம்பிக்கும் சுவருக்கும்..."

"இந்தப் பலகைச் சுவரு என்னைக்கு நேரா இருந்துச்சு? வெள்ளைக்காரன் கட்டினப்பவே கோணல்."

அக்கா ராக்கெட்டை எடுக்கக் கை நீட்டினாள். எடுத்திருந்தால் ஈயத்தாள் எல்லாம் தரையில் உதிர்ந்திருக்கும். அவள் எடுக்க வேண்டும் என்று நான் நினைத்தேனா, எடுக்கக் கூடாது என்று நினைத்தேனா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"தொடாதே" என்றார் அப்பா. "போதும். டவுனுக்குப் போவாதேன்னதுக்கு இப்போ வீட்டையே காலி பண்ணச் சொல்றியா?"

நீட்டின கையை அக்கா இறக்கிவிட்டாள். கீழே ரோட்டில் லோரி ஹாரன் அடித்தது.

அத்தை அப்பாவைப் பார்த்தார். "என்னண்ணே செய்யட்டும்? தம்பி வந்துட்டான்."

"உன் இஷ்டம் தங்கச்சி. ஆனா நேரா இருக்கிறதைச் சாஞ்சிருக்குன்னு என்னாலே சொல்ல முடியாது."

அத்தை ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "நீங்க பார்த்துச் சொன்னா சரிதான். இந்தக் காலை வச்சுக்கிட்டு அங்கே போயி, தம்பி பொண்டாட்டி வாயிலே விழணும். சனியன், பெட்டி கட்டினதுதான் மிச்சம்" என்று சிரித்தார். போகும்போது என் பக்கத்தில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் விட்டுருச்சே. நாளைக்கு வா, பிஸ்கட் இருக்கு."

வாயைத் திறந்தேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன், வாயைத் திறந்தேன். அப்பா இருந்தார், அக்கா இருந்தாள், அம்மா குடத்தோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டினேன். கீழே லோரி திரும்பிப் போகிற சத்தம் வளைவு வளைவாகக் கேட்டு ஓய்ந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. பெரட்டு முடிந்து எல்லாரும் எதிர் மலைக்குக் கொழுந்துக்குப் போயிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். முதல் மணி அடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பெரிய லோரியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது நிற்கவில்லை. வாத்தியார் சாக்பீஸைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு ஓடினார். நாங்களும் ஓடினோம்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் மலை பச்சையாக இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கிழிசல். லயத்தின் இந்த முனை அப்படியே இருந்தது. அந்த முனையில் மூன்று வீடுகளைக் காணோம். கூரைத் தகரம் ஒன்று பள்ளத்தில் பாதி வழியில் மினுங்கிக்கொண்டிருந்தது. கொழுந்துக்குப் போயிருந்த ஆட்கள் பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறி ஓடினார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க ஒவ்வொருவரும் அரிசிமணி அளவு இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் இல்லை. எங்களுக்கு முந்தின வீட்டிலும் யாரும் இல்லை. அத்தை மட்டும் இருந்தார்.

சாயங்காலம் வரை தோண்டினார்கள். அப்பா மண்வெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். யாரோ ஒருவர் சேற்றிலிருந்து வெள்ளையும் கறுப்புமாக ஒரு துண்டை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். பெரிய ராக்கெட்டின் மேல் பாதி. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். மேல் பாதி கிடைத்தால் கீழ்த்தட்டும் கிடைக்குமே. கிடைக்கக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன். அத்தையைத் தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். வேண்டினது நடந்தது. கீழ்த்தட்டு கிடைக்கவில்லை. அத்தை கிடைத்தார், கட்டின பெட்டி கட்டினபடி பக்கத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா கான் வெட்டவில்லை. துரை கூப்பிட்டுச் சொல்லியும் கேட்கவில்லை. பேக்டரி அடுப்புக்கு விறகு பிளக்கப் போனார். சில நேரம் வழியில் ஒரு கம்பத்தையோ வேலிக் கட்டையையோ பார்த்து நின்று, ஒரு கண்ணை மூடுவார். உடனே திறந்துகொண்டு நடந்துவிடுவார். சாகிறதுக்குக் கொஞ்ச நாள் முன்பு அம்மாவிடம், "எங்கண்ணு அன்னைக்கு ஒரு நாளுதான் பொய் சொல்லுச்சு" என்றார். நான் அவருக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன்.

அக்கா மறுபடி ஒரு பெட்டியும் வாங்கவில்லை. கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனாள். அந்த வாய் எங்கே போனதோ தெரியவில்லை. எதற்கும் அடுத்தவரைக் கேட்பாள். சுவரில் படம் மாட்டினால், "நேரா இருக்கா பாரு" என்பாள். நேராக இருக்கிறது என்று சொன்னாலும் நம்ப மாட்டாள், சாய்ந்திருக்கிறது என்று சொன்னாலும் நம்ப மாட்டாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள். "நானே பார்த்தேன்டி. காலையிலே சாஞ்சிருந்துச்சு, மத்தியானம் நேரா நிக்குது. அதனாலேதான் விட்டுட்டேன். இல்லாட்டி அத்தையை இழுத்தாவது லோரியிலே ஏத்தியிருப்பேன். எப்படிடி நேரா நின்னுச்சு?"

நான் தலையாட்டுவேன்.

இப்போது அவளுக்குக் கண் மங்கிவிட்டது. மகள்தான் எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறாள். இதையும் படிப்பாள். படிக்கிற பிள்ளை இந்த இடத்தில் கொஞ்சம் சத்தமாகப் படிக்கட்டும், அக்காவுக்குக் காதும் முன்போல் இல்லை.

அக்கா, உன் கண்ணு பிசகலை. அப்பா கண்ணும் பிசகலை. மூணுக்கும் அடியிலே ஈயத்தாள் இருந்துச்சு. மடிச்சு வச்சது நான்தான்.